அக்காவின் விவாகரத்துத் தீர்ப்பின் பிரதியை எந்த நீதிமன்றத்தில், எப்படிக் கேட்பது?

மவுசாகலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அக்காவுக்கு மறுமணம் பேசி முடிவாகியிருக்கிறது. விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கப் போனபோது, முதல் கல்யாணம் சட்டப்படி முறிந்ததற்கான நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டுவரச் சொன்னார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அது எங்கள் கையில் இல்லை.

வழக்கு நடந்தது 2009, 2010 வாக்கில். அக்கா அப்போது தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கு முடிந்துவிட்டது என்று சொன்னதும் குவைத்துக்குப் போய்விட்டார். வழக்குப் பேசிய சட்டத்தரணி இப்போது உயிருடன் இல்லை. வழக்கு இலக்கமும் தெரியாது. ஹற்றனுக்கும் போனோம், நுவரெலியாவுக்கும் போனோம் என்று அக்கா சொல்கிறார், எதற்கு எங்கே போனது என்று அவருக்கு நினைவில்லை. கூகுளில் தேடினால் அமெரிக்காவில் விவாகரத்துப் பதிவு தேடித் தரும் தளங்கள்தான் வருகின்றன. இங்கே இலங்கையில் இதை எங்கே தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்மலை எழுதியது:

பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைக்கு அங்கேதான் விவாகரத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கே அவர்கள் போகவில்லை.

ஏழாம் கட்டை எழுதியது:

குளிர்மலை சொன்ன குடும்பம் கண்டிய விவாகச் சட்டத்தின் கீழ் பதிந்தவர்களாக இருக்க வேண்டும். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் அது. கண்டியச் சிங்களவர்களுக்கு மட்டுமே உரியது. அதில் விவாகரத்தைக் கொடுப்பவர் மாவட்டப் பதிவாளர், நீதிமன்றம் இல்லை. அதனால்தான் செயலகத்திலேயே சான்றிதழ் கிடைக்கிறது. மலையகத்தில் இரண்டு சமூகமும் ஒரே வீதியில் வாழ்வதால் நம் ஆட்களும் அதே கவுண்டரில் போய் நின்று, "உங்கள் பதிவு இங்கே இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். பதிவு தொலைந்துவிட்டது என்று பயந்தும் போகிறார்கள். தொலையவில்லை, அது அங்கே இருந்ததே இல்லை.

தோட்டத் தமிழர்களின் பதிவுத் திருமணம் பொதுச் சட்டத்தில், அதாவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் வரும். அதை முறிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. தீர்ப்பும் வழக்கேடும் அந்த நீதிமன்றத்தின் பதிவேட்டறையில் இருக்கும். இவை இணையத்தில் கிடைக்காது. இணையத்தில் நாம் பார்க்கும் தீர்ப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றினுடையவை.

எந்த மாவட்ட நீதிமன்றம் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. வழக்குப் போட்டவர் அந்த நேரத்தில் எங்கே குடியிருந்தாரோ, அந்த இடத்துக்கு அதிகாரமுள்ள நீதிமன்றத்தில்தான் விவாகரத்து வழக்கைத் தாக்கல் செய்வார்கள். கல்யாணம் எங்கே பதிந்தது என்பது இதற்கு முக்கியமில்லை. எனவே அக்காதான் வழக்காளியா, இல்லை அத்தான் போட்ட வழக்கா என்று முதலில் கேளுங்கள். அத்தான் போட்டதாக இருந்தால் அவர் அப்போது கண்டியிலோ பதுளையிலோ கொழும்பிலோ இருந்தாரா என்று பார்க்க வேண்டும். அக்காவிடம் நீதிமன்றக் கடதாசி ஏதாவது, அழைப்பாணை, பற்றுச்சீட்டு, எதுவாக இருந்தாலும் தேடி எடுத்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள். பெயர்களை மறைத்துவிடுங்கள்.

மவுசாகலை எழுதியது:

நன்றி ஐயா. வழக்குப் போட்டது அக்காதான். அப்போது அம்மா வீட்டில், மஸ்கெலியா பக்கம் இருந்தார். டிரங்குப் பெட்டியில் ஒரு கடதாசி கிடைத்தது. சிங்களத்தில் இருந்ததால் பக்கத்து வீட்டு அண்ணன் படித்துச் சொன்னார். நீதவான் நீதிமன்றம் என்று இருக்கிறதாம். மாதாமாதம் பிள்ளைக்குக் கட்ட வேண்டிய தொகையும் இருக்கிறது. இதைத்தான் அக்கா இவ்வளவு காலமும் விவாகரத்துக் கடதாசி என்று பத்திரமாக வைத்திருந்தார்.

ஏழாம் கட்டை எழுதியது:

அது தாபரிப்புக் கட்டளை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் கொடுப்பது. மனைவிக்கும் பிள்ளைக்கும் செலவுக்குக் காசு கட்டச் சொல்லும், அவ்வளவுதான். கல்யாணம் அப்படியே இருக்கும். அதைக் காட்டி மறுமணம் பதிய முடியாது.

நீதிமன்றத்தில் வேலை செய்த காலத்தில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். தாபரிப்பு வழக்கு முடிந்ததும் ‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்பார்கள். வீட்டில் அதை விவாகரத்து என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அக்கா இரண்டு ஊர் நீதிமன்றம் ஏறி இறங்கியிருக்கிறார் என்பதால் இரண்டு வழக்கு இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நம்பிக்கையோடு தேடுங்கள். ஆனால் தீர்ப்பைக் கண்ணால் பார்க்கும் வரை மறுமணத் திகதியை உறுதி செய்ய வேண்டாம். முந்தைய கல்யாணம் முறியாமல் இன்னொன்றைப் பதிந்தால் இரண்டாவது செல்லாது. தண்டனைச் சட்டத்தில் அது குற்றமும்கூட, ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது.

லிந்துலை ராணி எழுதியது:

தங்கச்சி, நானும் இந்த வழியில் போய் வந்தவள்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் அக்காவின் விவாகச் சான்றிதழ் பிரதி ஒன்றை எடுத்துவிடுங்கள். அதைத்தான் பிரதேச செயலகத்தில் எடுக்க முடியும். ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களின் பெயர் ஒவ்வொரு கடதாசியில் ஒவ்வொரு மாதிரி இருக்கும். தோட்டத்து ஆபீஸ் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. விவாகரத்து வழக்கில் விவாகச் சான்றிதழை இணைத்தாக வேண்டும், அதனால் பெரும்பாலும் அதில் இருக்கும் பெயரைத்தான் வழக்கிலும் எழுதியிருப்பார்கள். எனக்கு அடையாள அட்டைப் பெயரை வைத்துத் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. விவாகச் சான்றிதழில் இருந்த பெயரைச் சொன்ன பிறகுதான் கிடைத்தது. என் அப்பா பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம், அவ்வளவுதான்.

இன்னொன்று, பதிவேடு சிங்களத்தில் இருக்கும். அக்கா பெயர், அத்தான் பெயர் இரண்டையும் சிங்களத்தில் எழுதி எடுத்துப் போங்கள். எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடுமோ அத்தனை விதமாகவும் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிசன் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் முகவரியை வைத்துத்தான் பிரித்துப் பார்ப்பார்கள்.

நீதிமன்ற வாசலில் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். உள்ளே பதிவாளர் அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள். கட்டணத்தைச் சிறாப்பரிடம், அதாவது காசாளரிடம், கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத காசு போன காசுதான். ஒரு நாள் அங்கே போனால் அன்றைக்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும், பஸ் காசு வேறு. அதற்கு மேலும் ஏமாற நம்மால் முடியாது.

ஏழாம் கட்டை எழுதியது:

ராணி சொன்னது அத்தனையும் சரி. வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் வருடத்தை வைத்து வழக்குப் பதிவேட்டைப் பார்ப்பார்கள். 2009 என்றால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வருடம் சேர்த்துப் பார்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். விவாகரத்து வழக்கு இலக்கங்களில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருப்பது வழக்கம். பழைய கடதாசியில் அப்படி ஓர் இலக்கம் தென்பட்டால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இலக்கம் கிடைத்ததும், வழக்கின் தரப்பினர் என்ற முறையில் அக்காவே எழுத்தில் விண்ணப்பிக்கலாம், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரமும் (நீதிமன்றத்திடம் கோரிக்கை வைக்கும் மோஷன்) போடலாம். இறந்துபோன சட்டத்தரணியிடம் இளையவராக வேலை செய்தவர் யாராவது அதே ஊரில் தொழில் செய்கிறாரா என்று விசாரியுங்கள். பழைய கோவைகள் அவரிடம் போயிருக்கக்கூடும், இலக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

கேட்க வேண்டியது தீர்ப்பாணையின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி. சும்மா போட்டோகொப்பி எடுத்து வந்தால் விவாகப் பதிவாளர் ஏற்கமாட்டார். நீதிமன்ற முத்திரையும் நீதிமன்றப் பதிவாளரின் கையொப்பமும் வேண்டும். விவாகரத்தில் தீர்ப்பாணை இரண்டு கட்டமாக வரும். முதலில் வருவது டிக்ரீ நைசை, தற்காலிகமானது. குறைந்தது மூன்று மாதம் போன பிறகு அதை டிக்ரீ அப்சலூட் ஆக்குவார்கள், அதாவது முடிவானது. கல்யாணம் முறிவது இரண்டாவதில்தான். கையில் நைசை மட்டும் இருந்தால் அது போதாது.

ஏதாவது ஒரு தரப்பு மேன்முறையீடு செய்திருந்தால் வழக்கேடு கண்டிக்கோ வேறு இடத்துக்கோ, மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். பதிவேட்டறையில் இல்லை என்றால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

பண்டாரவளை வாத்தியார் எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. வழக்கேடு சிங்களத்தில் இருக்கிறது என்று நம் ஆட்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையைப் படியுங்கள். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம்தான். ஆனால் அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு, அரசாங்கமே ஏற்பாடு செய்யும் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற உரிமை இருக்கிறது. தனக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய வழக்கேட்டுப் பகுதியைத் தமிழில் பெறவும் அதே உறுப்புரை இடம் கொடுக்கிறது. வழக்காளி தன் மனுவைத் தமிழிலேயே தாக்கல் செய்யவும் முடியும்.

நடைமுறையில் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை இருக்கிறது, தாமதமாகும், அது எனக்கும் தெரியும். மறுமணப் பதிவுக்குச் சிங்களப் பிரதியே போதும். மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு நீதிபதி என்ன தீர்ப்பு எழுதினார் என்பதை ஒரு பெண் தன் மொழியில் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் படித்துச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையை நாம் ஏற்கக் கூடாது. விண்ணப்பத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

கம்பளை நிஸா எழுதியது:

முஸ்லிம்கள் யாராவது இதைப் படித்தால்: எங்களுக்கு மாவட்ட நீதிமன்றம் இல்லை, காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். எந்தக் காதிப் பிரிவில் விவாகரத்து நடந்தது என்று கண்டுபிடித்து அங்கே கேளுங்கள். அந்தக் காதி நீதவான் இப்போது பதவியில் இல்லாவிட்டால், அந்தப் பிரிவுக்கு இப்போது பொறுப்பானவரிடம் போக வேண்டும்.

கூடலூர் பேரன் எழுதியது:

நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. பாட்டிக்குப் பதுளையில் முதல் கல்யாணம் ஒன்று நடந்து, வழக்கு வைத்துப் பிரிந்ததாகச் சொல்வார்கள். இந்தியாவிலிருந்தே அந்தப் பதிவைக் கேட்க முடியுமா? குடும்ப வரலாற்றை எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஏழாம் கட்டை எழுதியது:

கூடலூர் தம்பி, பதுளை மாவட்ட நீதிமன்றப் பதிவாளருக்குக் கடிதம் எழுதலாம். ஆனால் பதிவேட்டைப் புரட்ட ஒருவர் நேரில் போய் நின்றால்தான் வேலை நடக்கும். பதுளையில் உறவினர் இருந்தால் உங்கள் சார்பில் செயற்பட அவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்குள்ள சட்டத்தரணி ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். பாட்டி இறந்துவிட்டார் என்றால் அவருடைய இறப்புச் சான்றிதழும், நீங்கள் பேரன் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். அந்தக் காலத்து வழக்கேடுகள் ஆங்கிலத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். வழக்குப் பேசியவரைப் ‘புரொக்டர்’ என்று குறித்திருப்பார்கள், அந்தப் பெயரும் தேடுவதற்கு உதவும். வருடம் தெரியாமல் தேடச் சொன்னால் யாராலும் முடியாது. அதனால் பாட்டியின் இரண்டாவது கல்யாணம் எந்த வருடம் என்று கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

வெலிமடை அப்பா எழுதியது:

என் மகளுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை ஏற்கெனவே விவாகரத்தானவர். அவருடைய வழக்கேடு முழுவதையும் நான் எடுத்துப் பார்க்க முடியுமா? என்ன காரணத்துக்காகப் பிரிந்தார்கள் என்று பெற்றவனுக்குத் தெரிய வேண்டாமா?

லிந்துலை ராணி எழுதியது:

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் முழுவதையும் எடுக்க நினைக்காதீர்கள். பொதுச் சட்டத்தில் இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று வழக்குப் போட வழியே இல்லை. கூடா ஒழுக்கம், வன்மமாகக் கைவிட்டுப் போனது, கல்யாணம் நடந்த நேரத்திலேயே இருந்த குணமாகாத ஆண்மைக் குறைவு, இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சண்டையே இல்லாமல் பேசிப் பிரிந்தவர்கள்கூட ‘கைவிட்டுப் போனார்’ என்று ஒருவர்மேல் ஒருவர் எழுத வேண்டியிருக்கிறது. என் வழக்கில் என்னைப் பற்றி எழுதியிருந்ததை நான் படித்தேன். சட்டம் கேட்டதற்காக எழுதிய வரிகள் என்று தெரிந்தும் மனம் ஆறப் பல காலம் எடுத்தது. அதை என் பிள்ளையோ, நாளைக்கு வரப்போகிற சம்பந்தியோ எடுத்துப் படித்து ‘இவள் இப்படி’ என்று முடிவு கட்டினால் அது எவ்வளவு பெரிய அநியாயம். வழக்கேட்டில் இருப்பது ஒரு தரப்பு சொன்னது. நடந்தது எல்லாம் அதில் இல்லை.

ஏழாம் கட்டை எழுதியது:

சட்டத்திலும் ராணியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நீதிமன்ற அமர்வு பொதுவில் நடக்க வேண்டும் என்பது விதி. ஆனால் குடும்ப உறவு சம்பந்தப்பட்ட விசாரணையில் வெளியாட்களை நீதிபதி வெளியே அனுப்பலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. மூன்றாம் ஆள் பிரதி கேட்டால், தனக்கு அதில் என்ன அக்கறை என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

வெலிமடை ஐயாவுக்கு நேரான வழி, மாப்பிள்ளையிடமே டிக்ரீ அப்சலூட்டின் அத்தாட்சிப் பிரதியைக் கேட்பது. அதை அவர் பதிவாளரிடம் காட்டியே ஆக வேண்டும், எனவே உங்களிடம் காட்டுவதில் சங்கடம் இருக்காது. அதில் இலக்கம், திகதி, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த இலக்கத்தோடு ஒரு சட்டத்தரணியை அனுப்பி உண்மைதானா என்று உறுதிப்படுத்துங்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதை அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தாபரிப்புக் கட்டளை ஏதும் இருக்கிறதா, முதல் பிள்ளைகளுக்குக் காசு கட்டுகிறாரா என்பதையும் கேளுங்கள். மகளின் வாழ்க்கைக்கு அது அவசியமான கேள்வி.

மவுசாகலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராணி அக்கா சொன்னபடி விவாகச் சான்றிதழ்ப் பெயரை வைத்துத் தேடினோம். வழக்கேடு கிடைத்தது. எந்த நீதிமன்றம் என்று இங்கே எழுதவில்லை, அக்கா வேண்டாம் என்றார். பதிவேட்டறையில் இருந்தவர் பொறுமையாகத் தேடித் தந்தார். நீதிமன்ற முதலியார், அதாவது மொழிபெயர்ப்பாளர், தமிழில் விளக்கினார்.

ஆனால் அதில் டிக்ரீ நைசை மட்டும்தான் இருக்கிறது. அத்தான் வழக்குக்கு வராததால் ஒருதலையாக விசாரித்துத் தீர்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவருக்குச் சேர்ப்பிக்கப் போனபோது லயத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை. அக்கா குவைத்தில் இருந்திருக்கிறார். இத்தனை வருடமும் சட்டப்படி அவர் அந்த மனுஷனின் மனைவியாகவே இருந்திருக்கிறார். இரவெல்லாம் அழுதார். இனி முதலில் இருந்து வழக்குப் போட வேண்டுமா?

ஹற்றன் கனிஷ்டர் எழுதியது:

நான் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன். உங்கள் வழக்கேட்டைப் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது, ஆனால் வழக்குத் தள்ளுபடி ஆகாமல் நைசை அப்படியே நிற்கிறது என்றால் புது வழக்குத் தேவைப்படாமல் போகலாம். புதிதாக ஒரு சட்டத்தரணிக்குப் பிரொக்சி, அதாவது உங்களுக்காக ஆஜராகும் அதிகாரம், கொடுத்து, நகர்த்தல் பத்திரம் மூலம் வழக்கை மீண்டும் அழைக்கச் செய்ய வேண்டும். எதிராளியின் இப்போதைய முகவரியைக் கண்டுபிடித்துத் தீர்ப்பாணையை அவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமும் அவர் உறவினர்களிடமும் விசாரியுங்கள். எங்கே தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், மாற்று வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். அந்தப் படி முடிந்ததும் அப்சலூட் ஆக்கும்படி கோரலாம். வழக்கேட்டின் முன்பக்கத்தில் திகதிவாரியாக எழுதியிருக்கும் குறிப்புகளின் பிரதியையும் எடுத்துப் போங்கள். வழக்கு எங்கே நின்றது என்று எந்தச் சட்டத்தரணியும் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.

கட்டணம் கட்ட வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். பல நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாகவே செய்து தருவார்கள்.

மவுசாகலை எழுதியது:

நீங்கள் சொன்னபடி ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவரும் இதையே சொன்னார். நகர்த்தல் பத்திரம் போட்டாயிற்று. அத்தான் இப்போது இரத்தினபுரிப் பக்கம் இருக்கிறார் என்று அவருடைய தம்பியே முகவரி கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னோம், தீர்ப்பு வரும் வரை பொறுத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்புக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அப்புத்தளை செல்வி எழுதியது:

இப்போதுதான் இதை முழுவதும் படித்தேன். எங்கள் அம்மாவும் அப்பாவும் தோட்டத்துத் தலைவர் முன்னால் பேசி, பொலிஸில் எழுதிக் கையெழுத்து வைத்துப் பிரிந்தார்கள். கல்யாணம் கோவிலில் நடந்தது, பதியவில்லை. அந்தப் பொலிஸ் கடதாசியின் பிரதி எடுத்தால் விவாகரத்துக்குப் போதுமா?

ஹற்றன் கனிஷ்டர் எழுதியது:

போதாது. பொலிஸில் எழுதியது, சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி கொடுத்தது, தலைவர் பிரித்து வைத்தது, எதுவும் விவாகரத்து ஆகாது. பதியவில்லை, அதனால் கல்யாணமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். வழக்கப்படி சடங்கோடு நடந்த கல்யாணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள முடியும். அம்மாவுக்கு எதற்காக இந்தக் கடதாசி தேவைப்படுகிறது? மறுமணமா, சேமலாப நிதியா, வீட்டு உறுதியா? அதைப் பொறுத்துத்தான் என்ன செய்வது என்று சொல்ல முடியும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். எப்போதிருந்து பிரிந்து வாழ்கிறார்கள் என்பதற்கு அது சாட்சியாக உதவும்.